டயலிசிஸ் கட்டிலுக்கு ஒரு பிளேயர்

டயலிசிஸ் இனி வேண்டாம் என்று என் மனைவி சொன்ன கிழமையில்தான் பாட்டுக் கேட்கிற பிளேயர் ஒன்று வாங்க நான் அலையத் தொடங்கினேன். கேட்கிறவர்களுக்கு இது விசர் வேலையாகத் தெரியும். தெரியட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போய், கிழமைக்கு இரண்டு தரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கப்பல்துறையிலிருந்து ஓட்டோவில் வெளிக்கிட்டு, சீனக்குடா தாண்டி நகரத்துக்குள் போய்ச் சேர்வதற்குள்ளேயே அவளுக்கு முகம் வாடிவிடும். இடக்கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். இரத்தம் ஒரு குழாயால் மெஷினுக்குப் போய், சுத்தமாகி மற்றக் குழாயால் திரும்பி வரும். நாலு மணித்தியாலம் அந்தக் கையை அசைக்க ஏலாது. வீட்டுக்கு வந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் ஆள்மாதிரி எழும்பி, தனக்கு அளந்து விட்ட அரைக் கோப்பைத் தேத்தண்ணியைக் குடிப்பாள். பிறகு பார்த்தால் மறுபடியும் ஓட்டோ வந்து வாசலில் நிற்கும்.

அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போது, ஐந்தாம் கட்டைச் சந்தி கழிந்த பிறகு, "எனக்குக் காணும். இனிப் போக வேண்டாம்" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. வீட்டில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். விட்டால் என்ன நடக்கும் என்பதை டொக்டர் இரண்டு பேருக்கும் விளங்கும்படி முதலிலேயே சொல்லியிருந்தார். கிழமைக் கணக்குத்தான். அவளுக்கும் அது தெரியும்.

பழைய ஆளாக இருந்திருந்தால் ஓட்டோவை நிற்பாட்டி, ஓட்டோக்காரனும் சேர்ந்து நடுங்கும்படி கத்தியிருப்பேன். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் வேலை பார்த்தவன் நான். எஞ்சின் அறைக்குள் கத்தாமல் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காது. அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. கறிக்கு உப்பில்லை என்றாலும் கத்துவேன், கேற்றைப் பூட்டவில்லை என்றாலும் கத்துவேன். குசினிக்குள்ளிருந்து அவள், "கத்தாதையுங்கோ, வாறன்" என்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதை அதுதான். தெருவுக்கே தெரியும்.

அவளுக்குச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு நான் வாயை அடக்கிவிட்டேன். வருத்தக்காரி இருக்கிற வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் கத்துவதற்கும் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை. மருந்துக் குளிசை எடுத்துக் கொடுப்பது, கஞ்சி வைப்பது, சீலைகளைத் தோய்த்துப் போடுவது எல்லாம் ஊமைப் படம்மாதிரி நடந்தது. அயல் சனங்கள், அந்த மனிசன் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கோ, தங்கமான மனிசன் என்று கதைத்தார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிளேயர் யோசனை வந்தது இப்படித்தான். நாலு மணித்தியாலமும் அவள் முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறாள். போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் நடுவில் யாராவது அழைக்கிறார்கள், இல்லையென்றால் சார்ஜ் இறங்கிவிடுகிறது. வலக்கை விரலால் திரையைத் தடவித் தடவி அலுத்து, போனைத் தலையணைக்குக் கீழே செருகிவிடுவாள். என்னிடமோ பெரிய சேமிப்பு ஒன்று இருக்கிறது. திரியாய் தொடக்கம் நகரம் வரைக்கும் கோயில் திருவிழாக்களில் நானே கசெற் ரெக்கோடரைக் கொண்டுபோய்ப் பதிந்த மேளக்கச்சேரிகள். ஓய்வு பெற்ற பிறகு அத்தனையையும் கொம்பியூட்டரில் ஏற்றினேன். சும்மா ஏற்றவில்லை, இருபத்துநாலு பிட் ஒலித் தரத்தில், ஒரு துளியும் அமுக்கிச் சுருக்காமல். ஒரு கசெற் ஒரு பைலாகப் பூதம்மாதிரி நிற்கும். பாதிக் காதுக்கு முழுப் பாட்டு எதற்கு என்று அவள் பகிடி பண்ணுவாள். எஞ்சின் இரைச்சல் என் காதைத் தின்றுவிட்டது என்பது அவளுக்குத் தெரியாதா?

நல்ல பிளேயர் ஒன்றில் நல்ல நாதஸ்வரம் கேட்டால் நேரம் போவது தெரியாது, நேரம் போனால் அவள் வருவாள் என்பது என் கணக்கு. அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

நகரத்தில் கிண்ணியா ஊர்த் தம்பி ஒருவர் எலக்ட்ரோனிக் கடை வைத்திருக்கிறார். பொறுமையான மனிசன். மூன்று பிளேயர்களை எடுத்து கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். முதலாவது பெரிய தொடுதிரை. பார்க்க நல்ல சோக்கு, போன்மாதிரியே இருந்தது. போன் வேண்டாம் என்றுதானே வந்தனான் என்று அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. என் பைல் ஒன்றைப் போட்டதும் திக்கித் திக்கி நின்றுவிட்டது. மூன்றாவது நல்ல பாரம். கைக்கு அடக்கமாக, பக்கத்தில் மேடு மேடாகப் பொத்தான்கள், மேலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருப்புகிற ஒரு சில்லு. கண்ணை மூடிக்கொண்டே ஒரு கையால் இயக்கலாம்.

அதில் என் மெமரி கார்டைப் போட்டதும் புதுப் பிரச்சினை. கலைஞர் பெயர், அல்பம் பெயர் என்று அந்தச் சாமான் தானாகப் பிரித்து அடுக்கும். என்னுடைய கச்சேரிகளுக்குப் பெயர் ஏது? அத்தனையையும் 'தெரியாதவர்' என்ற ஒரே தலைப்புக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டியது. எங்கள் பக்கத்து வித்துவான்கள் அவ்வளவு பேரும் தெரியாதவர்களாம். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆனாலும் கத்தவில்லை. கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டு, கோப்புறையாகவே திறக்கிற வழியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். பிறகு இரண்டு விதத் தரத்திலும் ஒரே துண்டைப் போட்டு, வித்தியாசம் தெரிகிறதா அண்ணன் என்று கேட்டார். ஓம், நல்லாத் தெரியுது என்றேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள். ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள். முடியும்: தொடங்குகிற இடத்தில் ஒருதரம், முடிகிற இடத்தில் ஒருதரம் ஒரே பொத்தானை அமத்தினால், நடுவிலிருப்பதை மட்டும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதை ஏன் கேட்கிறாள் என்று நான் கணக்கெடுக்கவேயில்லை. அவள், "அண்ணாவின்ர கசெற்றையும் போட்டு விடுங்கோ. ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கிறன்" என்றாள்.

அந்தக் கசெற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணா வெளிநாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து, வருகிற ஆட்களின் கையில் கசெற் கொடுத்துவிடுவார்கள். இங்கே புதுக் கசெற் எடுப்பது லேசில்லை. ஆகவே வந்த கசெற்றைக் கேட்டு முடித்து, அதன் மேலேயே பதிலைப் பதிந்து அனுப்புவோம். அவரும் எங்கள் பதிலைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே தன் குரலைப் பதிவார். ஒரே கசெற் எத்தனையோ தரம் கடல் தாண்டிப் போய் வந்தது. பேசியது எல்லாம் அழிந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, அடுத்தது வரும்தானே.

கடைசித் தரம் இவள் பதிலைப் பதிந்து, கொண்டுபோகிற ஆளுக்காக அலுமாரிக்குள் வைத்திருந்தாள். ஆள் வருவதற்கு முன்பே, அண்ணா நித்திரையிலேயே போய்விட்டார் என்று செய்தி வந்தது. கசெற் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவருடைய குரலின் மேல் இவளுடைய குரல். ஆனால் இவள் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசியிருந்தாள். இவள் முடித்த இடத்திலிருந்து நாடா தீரும் வரைக்கும் அண்ணாவின் பேச்சில் ஒரு துண்டு அழியாமல் மிஞ்சியிருந்தது. அதை அவள் கேட்டுக் கேட்டே நாடாவைத் தேய்த்துவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் இரைச்சலுக்குள் யாரோ முனகுகிற மாதிரித்தான் கேட்கும். அவள் அழத் தொடங்குவாள், நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். கொம்பியூட்டரில் ஏற்றும்போதும் திரையில் அலை சின்னதாகத் துடித்ததைப் பார்த்தேனே தவிர, என்ன பேச்சென்று எனக்குத் தெரியாது.

ஒருக்கா வந்து பார்க்கிறேன் என்று சொன்னபடி அவள் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில், நகரத்துக்குள் திரிகிற மான் இரண்டு யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. ஊசி குத்தி, மெஷின் ஓடத் தொடங்கியதும், அவளுடைய வலக்கைக்குள் பிளேயரை வைத்தேன். பக்கத்தில் கதிரை போட அன்றைக்கு விட்டார்கள். நான் தெரிந்தெடுத்து வைத்த கச்சேரி, அதிலும் தவில் இரண்டு மாறி மாறிப் பொழிகிற இடம், ஓடத் தொடங்கியது. அவள் கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்டாள். பிறகு பெருவிரல் பொத்தானைத் தேடிப் போய் அண்ணாவின் கசெற்றுக்கு மாற்றியது. தொடக்கத்தில் ஒரு அமத்தல், முடிவில் ஒரு அமத்தல். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு துண்டுதான்.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இத்தனை வருடச் சேமிப்பு, இத்தனை அலைச்சல், இந்த விலை, கடைசியில் தேய்ந்துபோன ஒரு நாடாவின் மிச்சத்தைக் கேட்கவா? சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்தேன். மெஷின் தன்பாட்டில் முனகிக்கொண்டிருந்தது. எனக்கும் உடம்பெல்லாம் நோவாக இருந்தது.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கத்து இயர்ஃபோனைக் கழற்றி நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நீட்டினபடியே இருந்தாள். வாங்கிக் காதில் செருகினேன். முதலில் பழைய முனகல்தான். சத்தச் சில்லைத் திருப்பு திருப்பென்று திருப்பினேன். தன் மற்றக் காதில் இருந்ததை அவள் சத்தம் தாங்காமல் கழற்றிவிட்டாள். போனில் சத்தம் அந்த அளவுக்கு மேலே போகாது. இந்தச் சாமான் போனது. போகப் போக முனகல் சொற்களாகப் பிரிந்தது. அப்போதுதான், அந்த மனிசன் செத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, என் மச்சான் என்ன சொன்னார் என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"...மச்சான் இன்னும் கத்திறாரோ? கத்தட்டும், விடு. இஞ்ச என்னைப் பாத்து ஏனெண்டு கத்த ஒரு சீவன் இல்லை. அவர் கத்திற வரைக்கும் பயமில்லை தங்கச்சி. பேசாமல் இருந்தாத்தான் நீ யோசிக்க வேணும். சரி, கசெற் முடியப்போகுது, வைக்கிறன்."

அதற்கு முந்திய தரம் பதிந்து அனுப்பியதில் இவள் என்னைப் பற்றி முறைப்பாடு வைத்திருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன மறுமொழி இது. திரும்பவும் ஓடியது. திரும்பவும் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க எனக்கு ஏலாமல் போய், இயர்ஃபோனைக் கழற்றினேன்.

அவள் முகட்டைப் பார்த்தபடி, "இப்ப நீங்கள் கத்திறேல்லை" என்றாள். "என்னைக் கை விட்டிட்டியள் எண்டு நினைச்சன்."

தங்கமான மனிசன் என்று ஊர் சொன்னதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் இருந்தவன் நான். அந்த நேரமெல்லாம் இவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு, எப்போது கத்துவான் என்று காத்திருந்திருக்கிறாள். களைச்சுப் போனன் என்றேன். தானும் களைத்துப் போனதாக அவள் சொன்னாள். அவளுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டேன். கை குளிர்ந்திருந்தது, பிளேயர்தான் நடுவில் சூடாக இருந்தது. இனியும் வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஓட்டோ வந்த காலை அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சீலை மாற்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். போய்த் தலைமாட்டில் இருந்து மெதுவாகக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். நான் மாதக்கணக்காகச் செய்துவந்தது அதைத்தான். ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் விறாந்தையில் நின்று மூச்சை இழுத்தேன். தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு பழைய எஞ்சின் அறைச் சத்தம் தானாக வந்தது. ஓட்டோ வந்து நிக்குது, கண் தெரியேல்லையோ, மெஷின் என்ன உமக்கு மாமன் மச்சானோ, நீர் ஆறுதலா எழும்பி வாற வரைக்கும் காத்துக்கொண்டு நிக்க, பையைத் தூக்கித் தூக்கி என்ர கை விட்டுப்போச்சு, மனிசர் படுற பாடு தெரியாமல் படுத்துக் கிடக்கிறீர் என்று வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஓட்டோக்காரன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. இன்னும் ஒருதரம் அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

உள்ளே கட்டில் கிறீச்சென்றது. அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"கத்தாதையுங்கோ, வாறன்."