கால் வலிக்காத பௌர்ணமி

என் வீட்டுக்காரர் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு வந்து, மறுநாள் முழுக்கக் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு முனகுவார். வெந்நீர் வை, தைலம் தேய் என்று உயிரை வாங்குவார். புண்ணியம் அவருக்கு, தைலம் தேய்க்கிற வேலை எனக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பழைய மருந்து அது. ஒரு காலத்தில் கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் கைகால் குறைபட்டுப் பிறந்ததால் ஒதுக்கி வைத்திருந்ததை, இந்த நோய்க்குக் கேட்கிறது என்று மறுபடி எடுத்திருந்தார்கள். நோயை அடக்கும், ஆனால் நரம்பைக் கெடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். யாருக்கு, எப்போது கெடுகிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. இவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை போவோம். நரம்பு டாக்டரம்மா ஒருவர் இவர் பாதத்தைக் குண்டூசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார்.

மருந்து வேலை செய்தது. நோயால் வந்த இடுப்பு வலி போனதும் இவர் மறுபடி கிரிவலம் கிளம்பினார். அதுவும் சித்திரை மாதம், தார் ரோடு கொதிக்கிற பகலில். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

“இந்த வாட்டி கால் வலியே இல்லடி. அண்ணாமலையாரே தூக்கிக்கினு போன மாதிரி இருந்துச்சு.”

பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் மெய்சிலிர்த்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து அவர் நின்ற இடம் வரைக்கும் சிவப்புத் தடம். உள்ளங்கால் கொப்பளித்து உரிந்திருந்தது. குதிகாலில் கண்ணாடித் துண்டு. நான் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது மனுஷன் மோர் கேட்கிறார்!

“எத்தினி நாளா இப்படி?”

“கொஞ்ச நாளா மதமதன்னு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து நீ வாயத் தொறக்காத. மாத்திரைய நிறுத்திடுவாங்க. நிறுத்துனா நான் போய்ச் சேர்ந்துடுவேன்.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. உள்ளூரிலேயே கட்டுப் போட்டுக்கொண்டோம். அடுத்த முறை சென்னைக்குப் போனபோது புண் ஆறியிருந்தது.

“கண்ண மூடிக்கங்க. ஊசி பட்டா சொல்லுங்க,” என்றார் டாக்டரம்மா.

ஊசி பட்டபோதெல்லாம், “தெரியுதுங்க” என்றார் இவர். ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னடா இது என்று முகத்தைப் பார்த்தால், இமையைப் பாதி திறந்து காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பரீட்சையில் காப்பி அடிக்கிறாராம்! பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் மருந்து போகும், சொல்லாவிட்டால் கால் போகும்.

“மேடம், அவரு பாக்கறாரு,” என்றேன்.

டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்து அவர் கண்மேல் போட்டார். பிறகு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

“தெரியுதுங்க,” என்றார் இவர். கொஞ்சம் கழித்து, “இப்பவும் தெரியுதுங்க.”

மருந்தை நிறுத்தினார்கள். வேறொன்று தந்து, கேட்கிறதா பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், “உன் கையாலயே என்ன முடிச்சிட்ட இல்ல?” என்றார். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நோய் திரும்பினால் பழி என் தலையில்தான். வெறுங்காலோடு போகக் கூடாது என்றதால், பௌர்ணமி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

நோய் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இவர் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டு, “ஐயோ அம்மா, உயிர் போவுதே!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். விரலைப் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எங்க, இன்னொரு வாட்டி இடிங்க பாக்கலாம்,” என்றேன்.