ஆற்றுவாயை வெட்டினோம்

யுத்தம் முடிந்து வந்த முதல் மாரியில், எங்கள் ஆற்றுவாயை வெட்டச் சொல்லி ஊரைக் கிளப்பியவன், எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த நான்தான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு அடைத்திருந்தது. வழமைக்கு முந்தியே கொட்டிய மழையில், நாவிதன்வெளி வயலில் வாப்பாவின் இளம் நெற்பயிர் தண்ணீருக்குள் கிடந்தது.

ஆற்றில் இறால் பிடிக்கும், எனக்கு அண்ணன் முறையான ரபீக் காக்கா மறித்தார். "கொஞ்சம் பொறுங்கடா. றால் இன்னும் குஞ்சு. வெட்டினா கடல் தண்ணியும் ஏறும்."

"மாரி தொடங்கினா மழை நிக்காது காக்கா. ஓடுற ஆத்துக்குள்ள கடல் எப்பிடி ஏறும்?" என்று நான் அடித்துப் பேசினேன்.

வயல்காரரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தேன். வெள்ளம் வடிந்தது, பயிர் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் மழை நின்றது. பிறகு வாரக்கணக்கில் வெயில். ஓட்டமற்ற ஆற்றுக்குள் உப்புநீர் ஏறி, ஆம்பல் கருகியது, நன்னீர் மீன்கள் மல்லாந்து மிதந்தன. இறால் குஞ்சுகள் வெள்ளத்தோடு எப்போதோ கடலுக்குப் போயிருந்தன.

மன்னிப்புக் கேட்கப் போனேன். வெறும் வலையை உதறிக்கொண்டிருந்த ரபீக் காக்கா, "வாங்க எஞ்சினியர், மழைக்கும் பாடம் எடுத்தீங்களா?" என்றார். வலையை மடித்து வைத்துவிட்டு அவரே கேட்டார்: "வாப்பாட வயல் தப்பிட்டா?"

"ஓம் காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு வீட்டிலயாவது அடுப்பு எரியட்டும்."

அவர் கன்னத்தில் இரண்டு அறை தந்திருந்தால் மறந்திருப்பேன். காலநிலை மாறுகிறது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அன்றைக்கு வாப்பாவின் வயலைக் காப்பாற்றும் அவசரத்தில், மழை மட்டும் பழைய மழைதான் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.