எது தலை, எது கால்

எங்கள் கம்பெனி பனியன் பெட்டியின் மேல் அதுவரை ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. கிளி என்றால் மூக்கு மேலே, வால் கீழே. லேபிள் ஒட்டுகிறவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வாங்குகிறவனும் "கிளி பனியன் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவான். இப்படி ஒழுங்காக இருந்த கிளியை விரட்டுவதற்கென்றே முதலாளி மெட்ராஸிலிருந்து ஓர் ஆர்ட்டிஸ்டைக் கூட்டிவந்தார்.

வந்தவருக்குத் தாடியும் மெல்லிசு ஜிப்பாவும். உள்ளே பனியன் போடவில்லை என்பது ஜிப்பாவிலேயே தெரிந்தது. கிளியைப் பார்த்ததும் அவர் மூக்கைப் பொத்தாததுதான் குறை. பிறகு அவர் வரைந்து கொடுத்தது ஒரு சிவப்பு வட்டம், அதை ஒட்டி அரிவாள் போல் வளைந்த ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாதாம், படத்தின் அமைதி கெட்டுவிடுமாம். கம்பெனிப் பேரைத் தூக்கிப் பெட்டியின் பக்கவாட்டில் போட்டார்கள். என் மகன் சிலேட்டில் அப்படிக் கிறுக்கியிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

எங்கள் ஊர் குண்டடத்தில் கிணறு வற்றிப்போய் நாங்கள் திருப்பூருக்கு வந்திருந்த சமயம் அது. என் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. லேபிள் மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் எதிரெதிரே உட்காருவோம், நடுவில் மைதாப் பசைச் சட்டி. பேர் இருக்கும் பக்கத்தை அவரவர் பக்கமாக வைத்துப் பெட்டியின் மேல் ஒட்டுவோம். மேஸ்திரி புது லேபிள் கட்டை மேசை நடுவில் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார். கிளியாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்காரி திருப்பி ஒட்டியிருப்பாள். இதில் எதைப் பார்த்துத் திருப்புவது? கிடந்தபடியே எடுத்து ஒட்டினோம். எங்கள் வரிசைப் பெட்டியில் வட்டம் மேலே, கோடு கீழே. எதிர்வரிசைப் பெட்டியில் கோடு மேலே, வட்டம் கீழே.

சரக்கு ஊரூராகப் போய் இறங்கிய பிறகுதான் முதலாளி கிடங்கில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

"ஏனம்மா, பாதிப் பொட்டி தலைகீழா இருக்குது?"

"எந்தப் பாதிங்க?" என்றேன்.

அவருக்கும் தெரியவில்லை. தெரியாத கோபமும் எங்கள் மேலேயே வந்தது.

"வரைஞ்சவரு வரட்டும், கேக்கறேன். தப்பா ஒட்டுன வரிசை அப்படியே ஊட்டுக்குப் போயிருங்க. சொல்லிப்போட்டேன்."

ஆர்ட்டிஸ்ட் வந்தார். இரண்டு பெட்டியையும் பார்த்தார். கண்ணை மூடினார், தாடியைத் தடவினார். பெற்றவளுக்கே பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று யோசனை! கடைசியில் எதிர்வரிசைப் பெட்டியை எடுத்தார்.

"இதுதான். மேலே ஆகாயம். கீழே மனிதன்."

"மனுசனுக்குக் கையி காலெல்லாம் எங்கீங்க சார்?"

"அதைப் பார்க்கிறவர்கள்தான் அம்மா கற்பனை செய்துகொள்ள வேண்டும்."

"அப்ப பனியனையும் அவிங்களே கற்பனை பண்ணிக்குவாங்களாக்கும்?"

எதிர்வரிசைக்காரி ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

"மொதல்ல நீ கெளம்பு" என்றார்.

நான் சோறு கொண்டுவந்த போசியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, பொள்ளாச்சிச் சந்தைக்கு எங்களிடம் சரக்கெடுக்கும் பாய் உள்ளே வந்தார்.

"மொதலாளி, தொட்டில் பனியன் இன்னும் வேணுங்க. இருந்ததெல்லாம் போயிருச்சு."

"தொட்டிலா? நம்மளுதுல ஏதுங்க தொட்டிலு?"

பாய் எங்கள் வரிசைப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதாங்க. சேலைத் தொட்டிலு, அதுக்கு மேல கொழந்தை தலை எட்டிப் பாக்குது. பொம்பளைங்க இதைத்தான் கேட்டு வாங்கறாங்க. இன்னொண்ணு இருக்குதே, அதை மட்டும் அனுப்பாதீங்க."

"ஏனுங்க?"

"குழிமேட்டுப் பனியங்கறாங்க. மண்ணைக் குமிச்சு, ஆளை அடியில படுக்க வெச்ச மாதிரி இருக்குதாம். அதை யாருங்க ஒடம்புல போடுவாங்க?"

முதலாளி ஆர்ட்டிஸ்டைப் பார்த்தார். அந்த மனிதர் இமைக்கக்கூட இல்லை. கையிலிருந்த பெட்டியை மெல்லத் திருப்பினார்.

"தொட்டில். பிறப்பு. தொடக்கம். நான் வரைந்ததே அதைத்தான்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதற்குள் ஆகாயம் சேலைத் தொட்டிலாகிவிட்டது. தெருவில் திரிந்த வரை கேட்பாரில்லாத பிள்ளையை நாலு பேர் தூக்கிக் கொஞ்சியதும், அப்பன் என்று ஒருவன் வந்து நிற்பான். இவர் அந்த ஜாதி.

முதலாளி எதிர்வரிசைப் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதான் தப்பு. எந்திரிங்க."

அந்தப் பெண்கள் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"அவிங்க ஒட்டுனதைத்தானுங்க இந்தச் சார் இப்பத்தான் சரீன்னாரு" என்றேன். "அவிங்க போகோணும்னா சாரையும் கூடவே கூட்டிட்டுப் போகோணுமுங்க."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். சரக்கெடுக்க வந்தவர் சிரித்த பிறகு முதலாளியால் முறைக்க முடியவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் போசியைக் கீழே வைத்துவிட்டுப் பசைச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த லேபிளில், எழுத்தே கூடாது என்றவரின் கையெழுத்து கீழ் மூலையில் இருந்தது. மண்புழு நெளிந்த மாதிரி ஒரு கிறுக்கல். அதை வாசிக்க எனக்கு வராது. ஆனால் புழு இருக்கும் பக்கம் அடிப்பக்கம் என்று மேசையின் இரண்டு பக்கத்துக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூடத் தலைகீழாகப் போகவில்லை. அந்த மனிதரின் பேரால் நடந்த நல்ல காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.