ஏற்பதற்கில்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். நாளடைவில் சந்தேகம் உதிர்ந்து பிராணி மட்டும் மிஞ்சியது. "பிராணி வந்தாச்சா?" என்று முதலாளியே கேட்பார். பூட்டிய கதவைப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். டீ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்போதெல்லாம் எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

நாங்கள் விற்பது, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை அனுப்பும் மென்பொருள். ஒருமுறை யாரோ அனுப்பிய கல்யாண ஆல்பத்தோடு வைரஸும் சேர்ந்து போய், அதை இறக்கியவர்களின் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிட்டது. வாடிக்கையாளர் போனை எடுக்கிறவள் நான் என்பதால் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நானே. இனி இறங்குகிற ஒவ்வொரு ஃபைலையும் வைரஸ் சோதனை போட்ட பிறகுதான் திறக்க விட வேண்டும் என்றார் முதலாளி. வேலை பிராணியிடம் போனது. அதற்கென்றே பிறந்தவர் அல்லவா?

குறை சொல்ல முடியாதபடி செய்தார். வருகிற ஃபைலை மென்பொருளே தனியாக அடைத்துவைத்துச் சோதிக்கும். சந்தேகம் என்றால் சத்தமில்லாமல் அழித்துவிடும். பெறுகிறவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும், அனுப்பினவருக்குச் சொன்னால் போதும் என்றார். அப்படிப் போக வேண்டிய வரியையும் அவரே எழுதினார்: "உங்களிடமிருந்து வரும் எதையும் இனி ஏற்பதற்கில்லை." யாருக்கு அனுப்பிய ஃபைல் என்று அனுப்பினவர் குழம்பக் கூடாதாம்; அதனால் வரிக்கு மேலே பெறுகிறவரின் பெயர்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி இல்ல?" என்று கேட்டேன்.

"வைரஸ் அனுப்புறவங்களுக்கு வேற எப்படிக்கா சொல்றது?" என்றார்.

கொஞ்ச நாளில் போன்கள் வர ஆரம்பித்தன. ஒருவருடைய மச்சான் இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுவிட்டாராம். பெயரைப் போட்டு, கீழே அப்படி ஒரு வரி இருந்தால் அந்த ஆளே சொன்ன மாதிரிதானே இருக்கும்! பிராணியிடம் சொன்னேன். அசைந்து கொடுக்கவில்லை.

அவருக்கு ஒரே அண்ணன், பக்கத்து ஊரில் ஜெராக்ஸ் கடை. அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தார், அங்கேயே இறந்தார். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பிராணி கேட்டிருக்கிறார்: "காலையில மாத்திரை குடுத்தியா?" அவருக்கு அது கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் எதுவுமே பேசவில்லை. போன் போட்டால் அண்ணி எடுப்பார். மத்தியானம் சாப்பிடும்போதெல்லாம் பிராணி என்னிடம் இதைச் சொல்லித்தான் புலம்புவார். "ஒரு வார்த்தை பேசினா போதும்க்கா. திட்டினாக்கூடப் போதும்."

ஒருநாள் அண்ணியே கூப்பிட்டார். போனிலிருந்து குரல் என் மேசை வரைக்கும் கேட்டது. "அத்தையோட பழைய போட்டோ எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ணினார் உங்க அண்ணன். 'அவன் செஞ்ச சாஃப்ட்வேர்லயே அவனுக்கு அனுப்புறேன்'னு சொல்லித்தான் அனுப்பினார். அதுக்கு இப்படியா பதில் போடுவீங்க?"

பிராணியின் முகம் செத்துவிட்டது. ஊரில் இருக்கிற பென் டிரைவ் எல்லாம் வந்து போகிற கடை அது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒட்டாத வைரஸ் இருக்காது. அம்மாவின் படங்கள் வந்ததும் இவருக்குத் தெரியாது, அழிந்ததும் தெரியாது. தன் பெயர் போட்டு அண்ணனுக்குப் பதில் போனதும் தெரியாது.

சாட்சி சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் நல்ல கூட்டம். அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதை நான் அனுப்பல. மெஷின் தானா அனுப்பினது. வேணும்னா இந்த அக்காவைக் கேளு."

"ஆமாங்க, எல்லாருக்கும் அப்படித்தான் போகும்," என்றேன். எனக்கே அது ஆறுதலாகப் படவில்லை.

அண்ணன் நிமிர்ந்தார். "எழுதினது யாரு?"

இத்தனை காலம் காத்திருந்த பேச்சு, கேள்வியாக வந்தது. பிராணிக்குப் பொய் சொல்ல வராது. "நான்தான். ஆனா உன்னை நினைச்சு எழுதல."

"நினைச்சிருந்தா? வேற மாதிரி எழுதியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்று அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் யோசித்தார். தான் சொல்லப்போவது நிஜம்தானா என்று பார்க்காமல் அந்த மனுஷனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, "எத்தனை காப்பி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்று பிராணி சொன்னபோது மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.