பால்வண்ணநாதன் வைத்துப் போன சாவி

தென்காசி வட்டாரத்திலேயே முதல் டிராக்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதன் முன்விளக்கைப் போட்டால் குற்றால மலைக் குரங்குகள் விடிந்துவிட்டதென்று எழுந்து பேன் பார்க்கும். சரி, கொஞ்சம் கூடுதல்தான். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் வாங்கியிருந்தார்கள், குரங்குகளும் எழவில்லை.

அதை ஓட்டியவர் பால்வண்ணநாதன். அதற்குமுன் எங்கள் காளைகளை ஓட்டி உழுதவர். என் வீட்டுக்காரரை அவர் 'அண்ணாச்சி' என்றல்லாமல் அழைத்ததில்லை. அவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காசிக்கே போய்வந்தவர் வீட்டுக்காரர்.

அறுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். பகலில் ஊரார் வயல், பொழுது சாய்ந்தபின் எங்கள் வயல் என்று உழவு. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கலப்பையை இறக்கி நாலு சால் ஓட்டுவதற்குள் விளக்கு அணைந்துவிடும். பால்வண்ணநாதன் இறங்கி ஒரு தட்டுத் தட்டுவார்; எரியும். வண்டி வரப்பேறினால் மறுபடி இருட்டு. பல்பை மாற்றினார், பியூஸை மாற்றினார், பலனில்லை. வேலை நின்றுபோன சாயங்காலங்களில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார்.

அந்த ஈரத்தலைதான் வினை. அருவி ஆசையில் அவரே வயரைப் பிடுங்குகிறார் என்று யாரோ ஓத, வீட்டுக்காரர் நம்பிவிட்டார். நேரில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவரை டீசல் வாங்க அனுப்பிவிட்டு, தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருந்த துல்கர்னைனை வரவழைத்தார்.

"எந்த வயரை அவன் பிடுங்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லும்."

துல்கர்னைன் தனியாக ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த்திலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எடுத்தால் அணைந்தது. பிறகு விளக்குக்கு அடியில் எர்த் வயர் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். பச்சை பூத்து அரித்திருந்தது. அதில்தான் வீட்டுக்காரர் வெள்ளிதோறும், கண்ணேறு படாமலிருக்க, புளியங்குடி எலுமிச்சையையும் மிளகாயையும் கோத்துத் தம் கையாலேயே கட்டிவந்தார்.

"வயரை யாரும் தொடல அண்ணாச்சி. நீங்க கட்டுன பழத்துச் சாறு எறங்கி எர்த்தைத் தின்னுட்டு. தட்டுனா ஒட்டுது, குலுங்குனா விடுது."

வீட்டுக்காரர் சிரிக்க வாயெடுத்துத் திரும்பினார். பின்னால் டீசல் டின்னோடு பால்வண்ணநாதன். எப்போது வந்தாரோ, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டிருந்தார். டின்னை இறக்கி வைத்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து சீட்டின்மேல் வைத்தார்.

"சாவி இங்கன இருக்கு, மொதலாளி."

மறுவாரமே வீட்டுக்காரர் வில்வண்டி பூட்டிப் போய் அழைத்தார். பால்வண்ணநாதனும் மனமிரங்கி வந்து, மலையெல்லாம் வெளிச்சமடிக்க எங்கள் வயலை உழுது முடித்தார்.

இப்படி எழுதி, பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பால்வண்ணநாதன் மனைவி இராமலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வண்டி வந்தது நெசந்தான் ஆச்சி. அவுக வரல. 'அண்ணாச்சி வந்திருக்காக'ன்னு உள்ள போய்ச் சொன்னேன். 'எந்த அண்ணாச்சி'ன்னு கேட்டுட்டு, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாக."