டினிஸ் போர்பா வகுப்புக்கு வரவில்லை

ஜனவரிப் பனி எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுவோம். அப்படி ஒரு பிற்பகலில் ஒடீலியா போர்பாவின் வீட்டுப் போன் அடித்தது. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து அப்போதுதான் அவள் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். கணவன் அடெலினோ உள்ளறையில் படுத்திருந்தான். மாட்டுப் பண்ணையில் வழுக்கி விழுந்து முதுகு போனதிலிருந்து அவனுக்குப் படுக்கைதான்.

"டினிஸ் இருக்காரா?" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல்.

ஒடீலியா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கல்லூரியிலேருந்து பேசறேன். டினிஸோட ஆன்லைன் கட்டுரை வகுப்பு டீச்சர், ஆஷ்பி. ரெண்டு வாரமா அவர் ஒண்ணுமே எழுதி அனுப்பல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

டினிஸ் ஒடீலியாவின் மூத்த மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரிப் பனியில், நின்றுகொண்டிருந்த பால் லாரியின் பின்புறம் தெரியாமல் போய் மோதி இறந்தவன். கல்லூரி வாசலை அவன் மிதித்ததே கிடையாது.

"வெளியே போயிருக்கான்," என்றாள் ஒடீலியா. "வந்தா சொல்றேன்."

மறுநாள் காலை பள்ளிச் சமையலறையில் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் இதைச் சொன்னாள். பல வருஷமாக நானும் அவளும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள்.

"திருட்டுக் கும்பல்டி! வங்கி நம்பர் கேட்டாளா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல, இல்டா. அவன் நல்லா எழுதறான்னு சொன்னா."

"செத்த பிள்ளை எழுதறான்னு எவளோ சொல்றா, நீயும் கேட்டுக்கிட்டு நின்னியாக்கும்?"

"வெளியே போயிருக்கான்னு நான்தானே சொன்னேன்." தட்டைக் கீழே வைத்தாள். "சொல்றப்போ நெசம் மாதிரியே இருந்துச்சு."

ஒடீலியா கற்பனை செய்கிற பெண் இல்லை. அஸோர்ஸ் என்கிற போர்த்துக்கீசியத் தீவிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வந்தவள். இங்கே இருக்கிற பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். பதினெட்டில் கல்யாணம். சாப்பாட்டுக் காசு கொண்டு வராத பிள்ளைகளின் தட்டில் யாருக்கும் தெரியாமல் ரெண்டு ரொட்டி கூட வைப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

டினிஸ் பள்ளி முடித்த வருஷம் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டான். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி அவன் டீச்சர் வீடுவரைக்கும் வந்தார். அடெலினோதான் மறுத்துவிட்டான். "நம்ம வரவு செலவ கவர்மென்ட்டுக்கு எதுக்குக் காட்டணும்? நாளைக்கு வட்டியோட திருப்பிக் குடுன்னு வந்து நிப்பான்," என்றான். திருப்பித் தர வேண்டாத பணமும் அதில் உண்டு என்று டீச்சர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. டினிஸ் பண்ணை வேலைக்குப் போனான். அந்த வேலைக்குப் போகிற வழியில்தான் அந்த லாரி நின்றது.

இந்த வருஷம் மகள் லியோனோரின் முறை. அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். இந்தத் தடவை ஒடீலியா யாரையும் கேட்கவில்லை. அக்டோபரிலேயே பள்ளி நூலகத்தில் மகளோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. லியோனோருக்கு மட்டும் வரவில்லை.

அந்தப் போனுக்குப் பிறகு ஒடீலியா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே ஆஷ்பிக்குப் போன் போட்டாள்.

"அவன் எழுதினதை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுவீங்களா? எனக்கு அதிகமாப் படிக்க வராது."

அது பொய். ஆஷ்பிக்கு அது தெரியாது. முதல் வாரம் எல்லோரும் தங்களைப் பற்றி எழுதியதில் டினிஸ் எழுதியதை அவள் படித்தாள். 'நான் சிரித்தால் தோள் ரெண்டும் குலுங்கும். தேவாலயத்துத் தூய ஆவித் திருவிழாவில் பாண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுவேன். கன்றுக்குட்டிகளுக்குப் பேர் வைக்கிற வேலை எங்கள் பண்ணையில் என்னுடையது.'

அவை ஒடீலியாவின் வார்த்தைகள். சவ அடக்கத்துக்கு முன்னால், அடக்கம் செய்யும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக, அவள் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல லியோனோர் தட்டியவை. 'அவன் சிரித்தால்' என்று அவள் சொன்னது, 'நான் சிரித்தால்' என்று மாறி, காதுக்குத் திரும்பி வந்திருந்தது.

"யாரோ அந்தப் பக்கத்தைப் பார்த்துத் திருடியிருக்காங்கடி," என்றேன் நான். "போலீஸுக்குப் போ."

"போனா?"

"போனா என்ன? காலேஜ் லிஸ்ட்லேருந்து அவன் பேரை அடிச்சிடுவாங்க."

"அதத்தான் சொல்றேன்," என்றாள்.

நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். இன்னும் பேசியிருக்க வேண்டும்.

ஆஷ்பி பிறகும் ரெண்டு தடவை கூப்பிட்டாள். ஒடீலியா ஒரு தடவை காய்ச்சல் என்றாள், ஒரு தடவை பண்ணையில் வேலை அதிகம் என்றாள். டினிஸின் சட்டை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்ததை நானே பார்த்தேன். பனி ஈரத்தில் அது நாள் கணக்கில் காயாமல் தொங்கியது.

பிப்ரவரியில் லியோனோருக்குப் பொறுமை போய்விட்டது. பதில் ஏன் வரவில்லை என்று கேட்கக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு நேராகப் போனாள். அங்கே டெல்காடோ என்கிற மனிதர் கணினியைப் பார்த்துவிட்டு அவளையே உற்றுப் பார்த்தாராம்.

"உங்க அண்ணன் உங்ககூடதான் இருக்காரா?"

"எந்த அண்ணன்?"

"டினிஸ். அதே விலாசம். போன வருஷத்திலேருந்து இங்கே படிக்கிறார், உதவித்தொகையும் வாங்கிட்டார். கணக்கு உதைக்குது. அதனால அந்த விலாசத்துலேருந்து வந்த எல்லா விண்ணப்பத்தையும் நிறுத்தி வெச்சிருக்கோம். நீங்க ஒரு நெசமான ஆளுதான்னு முதல்ல நிரூபிக்கணும்."

லியோனோர் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அண்ணன் பேர்ல எவனோ காலேஜ்ல சேந்திருக்கான். பணம் வாங்கியிருக்கான்!"

ஒடீலியா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" லியோனோர் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டீச்சர் போன் பண்ணினாங்க."

"நீ என்ன சொன்னே?"

"காய்ச்சல்னு சொன்னேன்."

"யாருக்குக் காய்ச்சல்? அங்கே ஒருத்தன் என்னை உயிரோட இருக்கியான்னு கேக்கறான்! நான் இருக்கேம்மா. நான்தான் இருக்கேன்!"

ஒடீலியா திரும்பி மகளைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அலமாரியைத் திறந்து டினிஸின் இறப்புச் சான்றிதழை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு வண்டி ஓட்டறியா, இல்டா?" என்றாள்.

நான் ஓட்டினேன். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. டினிஸ் இறந்த திருப்பத்தைக் கடக்கும்போது மூன்று பேரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

டெல்காடோ நல்ல மனிதர். சான்றிதழைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இது ஒரு கும்பலின் வேலை, அவர்கள் இறந்தவர்களின் பேரையும் அரசாங்க அடையாள எண்ணையும் வாங்கி வகுப்பில் சேர்க்கிறார்கள், ஆளைப்போல எழுதுவது கணினிதான், பணம் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறார்கள் என்றார். பணம் வேறு மாநிலத்து வங்கிக்குப் போயிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் ஒடீலியா போட்டாள். லியோனோரைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, அவளும் உயிரோடு இருப்பதாகப் பதிந்துகொண்டார்கள்.

"அப்பா இப்ப வேலைக்குப் போறாரா?" என்று கேட்டார்.

"முதுகு போயிடுச்சு. படுத்திருக்கார்," என்றாள் லியோனோர்.

"இதை ஏன் யாரும் சொல்லல? விண்ணப்பம் பாக்கறது ரெண்டு வருஷத்துக்கு முந்தின வருமானம். அப்ப அவர் சம்பாதிச்சார். இப்ப இல்லைன்னு டாக்டர் சீட்டோட எழுதிக் குடுங்க. மறுபடி கணக்குப் போடறோம்."

கிளம்பும்போது ஆஷ்பி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விஷயம் கேள்விப்பட்டு முகம் வெளுத்திருந்தது.

"அப்போ நான் யாருக்குப் பதில் எழுதிட்டிருந்தேன்?" என்றாள். ஒடீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவைப் பத்தி எழுதுன்னு ஒரு தடவை கேட்டேன். ஒரே ஒரு வரிதான் வந்தது. 'வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்தால் அம்மா விசிலடிப்பாள்.'"

ஒடீலியாவின் கை சட்டென்று விலகியது.

வண்டியில் நான் கேட்டேன். "அதையும் அந்தப் பக்கத்துல எழுதியிருந்தீங்களா?"

"இல்ல," என்றாள் லியோனோர் பின்சீட்டிலிருந்து. "அம்மாவுக்கு விசிலடிக்கவே தெரியாதே."

ஒடீலியா தன் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். "ஒரு தடவை கதவு திறந்ததை நான் கவனிக்கல," என்றாள். "அவன் காதுல மட்டும்தான் அந்த விசில் விழுந்துச்சு."

எந்த அம்மாவைப் பற்றியும் ஒரு கணினி அப்படி எழுதக்கூடும். நான் அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு என் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரலில் லியோனோருக்குப் பதில் வந்தது. மறுகணக்கில் கட்டணம் முழுவதும் திருப்பித் தர வேண்டாத உதவியாகவே கிடைத்தது. புத்தகச் செலவை எங்கள் போர்த்துக்கீசிய மன்றம் ஏற்றது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கல்லூரி நூலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். கடன் வாங்கவே இல்லை. திருடர்கள் பிடிபடவும் இல்லை.

முதல் பருவத்தின் மதிப்பெண் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒடீலியா இனிப்பு ரொட்டி சுட்டு என்னையும் கூப்பிட்டிருந்தாள். அடெலினோ ஊன்றுகோலோடு மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. மகளின் மதிப்பெண்ணைக் கேட்டுத் தலையாட்டினான். ரொட்டியைப் பிய்த்தான்.

"அவன் எத்தனை வாங்கினான்?" என்றான்.

"யாருப்பா?"

"அவன்தான்."

லியோனோர் என்னைப் பார்த்தாள். ஒடீலியா காப்பியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"பி பிளஸ்," என்றாள்.