டாப்பெட் சத்தம்

என் தையல் பெட்டியில் ஊசி, நூல்கண்டு, பிய்ந்த பட்டன்களோடு ஒரு ஃபீலர் கேஜும் கிடக்கிறது. இஞ்சினுக்குள் மயிரிழை இடைவெளிகளை அளக்க, பேனாக்கத்தியைப் போல மடக்கி விரிக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்து அது. என் மகள் ஒருமுறை அதை எடுத்து விசிறி மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, நகம் தேய்க்கும் சாமானா என்று கேட்டாள். ஒரே ஒரு தகட்டின் ஓரத்தில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து அப்படி நினைத்திருப்பாள். அந்த நகப்பூச்சை வைத்தவள் நான்தான். வெள்ளெழுத்து வந்த பிறகு என் கணவரால் தகட்டில் பொறித்திருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மாட்டார். எங்கள் காருக்கு வேண்டிய தகடு எது என்று தெரிவதற்காக ஓர் அடையாளம் வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கொத்துக்கே "சிவப்பு" என்று பெயராகிவிட்டது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது நான் பச்சைமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவருக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். மலையிலிருந்து இறங்கும் பஸ் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே போய்விடும். சனிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்துத் துறையூர் வந்து, அங்கிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து சேரும்போது வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். மறுநாள் மத்தியானமே திரும்பக் கிளம்ப வேண்டும். மாமியார் கெட்டவர் இல்லை, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார், அவ்வளவுதான். "கல்யாணம் பண்ணிட்டு வந்தது எம் பிள்ளையையா, இல்ல அந்த மலையையா?" என்று ஒருநாள் கேட்டார். பிறகு நிதானமாக, ஆவணி பிறப்பதற்குள் நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். அந்த வேலைக்காக நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர்தான், "நான் வாரா வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு காருல போயி கூட்டிட்டு வந்துடறேம்மா. அது நடக்கலைன்னா அப்புறம் நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்" என்றார். எங்களிடம் அப்போது கார் இல்லை.

அடுத்த வாரம் வந்தது. மூன்று சிலிண்டர் வைத்த சின்னஞ்சிறு வண்டி, எங்களுக்கு முன் யார் யாரிடமோ இருந்துவிட்டு வந்தது. முன்பக்கம் இருவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது, இப்போது சொல்வதற்கென்ன. அவருக்குக் கணக்கு வேலை வயிற்றுக்கு, இஞ்சின்தான் மனசுக்கு. சின்ன வயதிலிருந்து ஸ்கூட்டர், மோட்டார், எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்கும் ஆள். கார் வந்த நாளிலிருந்து காலை ஐந்தரைக்கே பானட்டைத் திறந்துகொண்டு நிற்பார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அதே நேரத்தில் மாமனார் உள்ளே ரேடியோவில் செய்தி கேட்பார். செய்திக்கு நடுவே டிக் டிக்கென்று டாப்பெட் சத்தம் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "காரா வாங்கியாந்த, தையல் மெஷினா?" என்று வாசலுக்கே வந்துவிடுவார்.

டாப்பெட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இஞ்சினுக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடும். அவற்றை மேலிருந்து அழுத்தும் சின்னக் கைகள் உண்டு. கைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருக்கும், அதில் கை வந்து தட்டும்போது வருவதுதான் அந்தச் சத்தம். அப்பாவின் வாய்க்குப் பயந்து அவர் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பானட் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். தண்ணீர் ஆடவே இல்லை. எதிர்வீட்டுக்காரர், மூலைக்கடைக்காரர் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மாமனாரும் வந்து பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். மண்ணச்சநல்லூர், துறையூர், சோபனபுரம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடியது. மலைப்பாதையில் கொஞ்சதூரம் ஏறியதும் இழுவை குறைந்தது. முதல் கியரில்கூட முனகியது. ஒரு கொண்டை ஊசி வளைவில், பெரிய புளியமரத்துக்குக் கீழே, திணறி நின்றேவிட்டது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டி ஆடி அசைந்து ஏறிப்போனது. அந்த லாரியின் கிளீனர் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பக் கிளப்பினால் ஏறியது, இன்னும் மேலே போய் மறுபடியும் நின்றது. இப்படியே நின்று நின்று ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அதன் பிறகு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், டைமிங்கை முன்னே தள்ளிப் பார்த்தார், பின்னே தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஸ்ரீரங்கத்தில் டம்ளர் தண்ணீர் ஆடாது. காவிரிப் பாலத்தில் பறக்கும். மலையில் அதே புளியமரத்தடியில் போய் நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் நான் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் காத்திருப்பேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் முகமெல்லாம் கரியாக வந்து சேர்வார். ஒரு வாரம் வரவே முடியவில்லை. ஆடி பாதி போய்விட்டது. மாமியார் அடிக்கடி காலண்டரைப் பார்த்தார். ராஜினாமா கடிதத்தில் என்ன எழுதுவது என்று நான் மனதுக்குள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியாமல் போர்டைப் பார்த்தே நடத்திய நாட்கள் அவை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே வளைவு, அதே புளியமரம். அவர் பானட்டைத் திறந்துவைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். "பயந்துடாதே டீச்சர், அது மூச்சு வாங்கிக்கட்டும்" என்றார். என்னை அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பெண் பார்க்க வந்த நாளிலிருந்து. அந்த வாரம் நான் வகுப்பில் இரும்புக் குண்டு, வளையம் பாடம் நடத்தியிருந்தேன். குளிர்ந்த குண்டு வளையத்துக்குள் போகும், சூடாக்கினால் போகாது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். அந்த ஞாபகத்தில்தான் கேட்டேன்.

"ஏங்க, ஆறினா ஏறுது, சூடானா நின்னுடுது. அப்போ உள்ள ஏதோ சூட்டுல பெருக்குதுங்க. அதுக்கு இடம் பத்தலையோ என்னவோ?"

அவர் கல்லிலிருந்து எழுந்தார். என்னைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார். பிறகு நடுரோட்டில் நின்றுகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாகவே போய்விட்டது.

"இடத்தை அடைச்சதே நான்தானே டீச்சர்! எங்கப்பா நியூஸ் கேக்கறதுக்காக இது கழுத்தைப் புடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். இஞ்சின் சூடேற ஏற வால்வு நீளும். நீள்வதற்கென்று விட்ட இடைவெளியை அவர் அடைத்துவிட்டதால் வால்வு முழுசாக மூட முடியாமல் நின்றிருக்கிறது, பலமெல்லாம் அந்த வழியே கசிந்துபோயிருக்கிறது. சமதரையில் தெரியாது, மலையில்தான் தெரியும். இதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு இஞ்சின்மேல் இரக்கம் வந்தது. அன்று அவர் திரும்பிப் போகவில்லை. மறுநாள் விடிகாலையில், இஞ்சின் சில்லிட்டுக் கிடக்கும்போது, என் வாடகை வீட்டு வாசலில் மேல்மூடியைக் கழற்றினார். அவர் திருகாணியைத் திருப்ப, நான் அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினேன். "வழுக்கிட்டுப் போகக் கூடாது, சிக்கவும் கூடாது. லேசா கையைப் புடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மலைக்குளிரில் விரல் விறைத்திருந்தது, ஆனாலும் அந்தப் பிடி விரலுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தெரியும்.

சோபனபுரம் வரை இறங்கித் திரும்பினோம். டிக் டிக் டிக்கென்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம். புளியமரம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது புளியமரம் எங்களுக்குப் பின்னால் கீழே இருந்தது. "டீச்சர், அது ஏறுது பாரு, ஏறுது பாரு" என்று பச்சைப்பிள்ளை மாதிரி கத்தினார். பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே என்னை வாசலில் இறக்கிவிட்டார். ஆவணி பிறந்தது. நான் வேலையை விடவில்லை. மாமியார் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு, "சரி, வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்ன சமைக்கறது?" என்றார்.

மாமனார் ரேடியோவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். தெருவில் எங்கள் காருக்கு மலைக்கார் என்று பெயர் வந்தது. மலையில் அந்தச் சத்தத்துக்குத் தனி மரியாதை. கார் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே கீழ்வளைவுகளிலிருந்து டாப்பெட் சத்தம் ஏறி வரும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கேட்கும். "டீச்சர், சார் வராரு" என்பார்கள். "பாடத்தைக் கவனி, வராரு போறாருன்னு" என்று அதட்டுவேன். என் காது மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நடக்கும் வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. கதவைத் திறந்து உட்காரும் முன்பே அவர் கேட்பார், "எங்க போகணும் டீச்சர்?" நான் சொல்வேன், "வீட்டுக்கு." ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

பிறகு திருச்சியிலேயே மாற்றல் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் தினமும் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு நாங்கள் அந்த மலைப்பாதையில் பேசிய அளவு பேசினோமா என்றால் இல்லை. காஸ், பால், மகளின் பரீட்சை என்று பேச்சு அதுபாட்டுக்குப் போனது. மலை ஏற வேண்டிய அவசியம் போன பின்பும் அவர் அந்த இடைவெளியைக் குறைக்கவே இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைக் கழற்றுவார், நான் சிவப்பை எடுத்துக்கொண்டு போவேன். அப்போது மட்டும் பழையபடி பேசிக்கொள்வோம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. காரை விற்றுவிடச் சொல்லி மகள் ஃபோனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நானும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வண்டி பழுதாகிவிடக் கூடாதென்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் அவ்வப்போது வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போவார். போன வாரம் வந்தவர், "டீச்சரம்மா, டாப்பெட் சத்தம் ரொம்ப வருதே, டைட் பண்ணிடட்டுமா? சத்தமே இல்லாம ஆக்கிடறேன்" என்றார். நான் தையல் பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் திருகாணியைத் திருப்ப, நானே தகட்டைச் செருகினேன். அதே பிடி விரலுக்கு வரும்வரை விடவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூடியை மாட்டிவிட்டு, அம்மா மண்டபம் வரை போய்வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் உள்ளே வந்து தகட்டில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக்கென்று, மெதுவாகப் பெருகிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போது எதுவும் ஞாபகத்தில் இல்லை, வயது ஞாபகத்தில் இல்லை, அவர் இல்லாததும் ஞாபகத்தில் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த பழைய பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன். கார் வந்து நின்றது. மெக்கானிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, தோளில் பையையும் கையில் தகட்டையும் பார்த்துவிட்டு, "எங்கயாச்சும் போகணுமா டீச்சரம்மா?" என்றார்.

வீட்டுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. நான் என் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.